புதுக்கோட்டை தந்த சட்டமன்ற உறுப்பினர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

எங்கள் ஊர் ஜெகதாப்பட்டினம். அறந்தாங்கிச் சட்டமன்றத் தொகுதியில், பாக் நீரிணையின் கரையில் அமைந்த மீனவர் ஊர். ‘எம்.எல்.ஏ.’ என்னும் சொல்லை எங்கள் கரையில் சிறு பிள்ளையும் அறியும். படகுத் துறையைச் சீர் செய்ய வேண்டுமா, ஐஸ் லாரி வந்து போகச் சாலை வேண்டுமா, இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றவர்களை மீட்டுத் தர வேண்டுமா, எல்லாவற்றுக்கும் மனு அவரிடம்தான் போகும். இவற்றுள் கடைசியாகச் சொன்னது மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இல்லை; அது டில்லியின் பொறுப்பு. ஆயினும் மனு அவரிடமே போகும். டில்லி தொலைவில் இருக்கிறது; எம்.எல்.ஏ. பஸ் போகும் தூரத்தில் இருக்கிறார்.

இப்படி மனு வாங்குவதும் மாலை வாங்குவதுமே ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாழ்க்கை என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அவருடைய பதவியின் பெயரிலேயே ‘சட்டம்’ இருப்பதை மறந்து விடுகிறோம். விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் வலை விடக் கூடாது என்பது 1983 ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தால் வந்தது. நாட்டுப் படகுக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் எங்கள் கடலில் தகராறு வரும்போதெல்லாம் இந்த மூன்று மைல் கணக்கு வாயில் வராமல் இராது. சென்னைக் கோட்டையில் யாரோ எழுந்து படித்த ஒரு வாசகம் எங்கள் அப்பாவின் வலை எங்கே விழலாம், எங்கே விழக் கூடாது என்று சொல்கிறது. அப்படியானால் அந்த வாசகம் எப்படிப் பிறக்கிறது? அதற்காக ஓர் உறுப்பினர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது? இதைத் தெரிந்து கொள்ள, தோழர்களே, நம் புதுக்கோட்டையில் பிறந்து, நாம் இன்று படிக்கும் இதே மன்னர் கல்லூரியில் படித்துச் சென்ற ஒருவரின் சட்டமன்ற வாழ்க்கையை எடுத்துக் கொள்கிறேன். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அவர் பெயரை அறியாத ஊர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. கருவுற்ற ஏழைத் தாய்மார்க்கு அரசு தவணை தவணையாக அளிக்கும் உதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான் சூட்டப்பட்டுள்ளது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதை ‘முத்துலெச்சுமி பணம்’ என்பார்கள். ‘முத்துலெச்சுமி பணம் ஏறிருச்சா?’ என்று பேங்குக்குப் போய் வந்தவளை விசாரிப்பார்கள். யார் அந்த முத்துலெச்சுமி என்று கேட்டால், ‘யாரோ பெரிய டாக்டராம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். டாக்டர் என்பது உண்மை. ஆனால் அவர் சட்டசபையில் இருந்த மூன்றரை ஆண்டுகள் அவருடைய மருத்துவத் தொழிலுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

அம்மையார் 1886 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், இக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் அந்நாளில் அக்குலத்தில் இருந்தது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பிற்காலத்தில் அவர் அவையில் எழுந்து பேசியது புத்தகத்தில் படித்த செய்தியை அன்று.

1902 இல் தனியாகப் படித்தே மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர மனுப் போட்டபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்களின் ஒழுக்கம் என்ன ஆவது என்பது எதிர்த்தவர்களின் கவலை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தக் கவலையைப் பொருட்படுத்தாமல், 1904 இல் அவரைச் சேர்த்துக்கொள்ளச் செய்ததோடு உதவித் தொகையும் அளித்தார். இன்று நம் கல்லூரியில் மாணவியர் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிறோம். எந்தப் பையனின் ஒழுக்கமும் அதனால் கெட்டதாக ஆய்வகத்தில் நான் காணவில்லை; கண்ணாடிக் குழாய்களை உடைப்பதுதான் கொஞ்சம் அதிகம்.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912 இல் பதக்கங்களோடு பட்டம். பிறகு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன். மேடைப் பேச்சாளர்கள் சிலர் அவரை ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியன்று. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றது 1886 இல், அதாவது அம்மையார் பிறந்த ஆண்டில். இல்லாத பெருமையைச் சேர்த்துச் சொன்னால் இருக்கும் பெருமைக்கே ஐயம் வந்துவிடும். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி, அவர் ஒப்பிய பிறகே மணந்தார். சட்டம் இயற்றும் திறமை வீட்டிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

இனி சட்டசபைக்கு வருவோம். அதற்கு முன் அக்காலத்துச் சட்டசபை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1919 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டசபையில், கவர்னரின் நிர்வாகக் குழுவினர் நீங்கலாக 127 இடங்கள். அவற்றுள் 98 பேர் தேர்தலில் வந்தவர்கள். மற்றவர்கள் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவர்கள். வாக்குரிமை இன்றுபோல் பதினெட்டு வயது நிறைந்த எல்லோருக்கும் உரியதன்று. சொத்தும் வரியும் உள்ளவர்க்கே உரியது. அந்தத் தகுதி இருந்தால் பெண்ணும் வாக்களிக்கலாம் என்று 1921 இல் சென்னைச் சட்டசபை முடிவு செய்தது. இதில் சென்னை, உலகின் பல நாடுகளுக்கு முந்திக் கொண்டது. நியூசிலாந்து 1893 இலேயே பெண்களுக்கு வாக்களித்தது உண்மைதான். ஆனால் இங்கிலாந்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வகையான வாக்குரிமை வந்தது 1928 இல். பிரான்சில் 1944 இல்.

வாக்களிக்கலாம், ஆனால் உறுப்பினராக முடியாது என்ற நிலை மேலும் சில ஆண்டுகள் நீடித்தது. 1926 இல் அதுவும் நீங்கியது. அவ்வாண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா தென் கன்னடப் பகுதியில் துணிந்து நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். ஆகவே பெண் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று இந்திய மாதர் சங்கத்தார் அரசாங்கத்தை வற்புறுத்தினர். அம்மையார் அப்போதுதான் இங்கிலாந்தில் பெண்கள், குழந்தைகள் நோய் பற்றிய மேற்பயிற்சி பெற்றிருந்தார். 1926 இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண் வாக்குரிமை மாநாட்டிலும் கலந்துகொண்டார். மாநாடு நடந்த அந்த நாட்டிலேயே பெண்ணுக்கு வாக்கு இல்லை என்பது வேடிக்கை. திரும்பி வந்தவரிடம் நியமனம் காத்திருந்தது. மருத்துவத் தொழிலுக்கு இடையூறாகுமே என்று தயங்கித்தான் ஏற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபைகளில் அமர்ந்த முதல் பெண் அவரே. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அதற்கு முன்பே டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் நியமிக்கப்பட்டிருந்தார். இருவரும் டாக்டர்கள் என்பது எனக்கு வியப்பாக இல்லை. அந்நாளில் எந்தச் சாதி வீட்டின் உள்ளறைக்கும் சென்று, பெண்கள் எதனால் சாகிறார்கள் என்று நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தாம். அவை கூடியதும் அம்மையாரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் இல்லாத வேளையில் அவையை நடத்துவது அவர் பொறுப்பு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்குத் தொகுதி கிடையாது. மாலையிடவும் மனுக் கொடுக்கவும் ஆளில்லை. அடுத்த தேர்தலில் இவரிடம்தானே வாக்குக் கேட்க வேண்டும் என்று அஞ்ச வேண்டிய வாக்காளரும் இல்லை. கட்சியும் இல்லை. கட்சி இல்லாதவருக்கு அவையில் நிச்சயமான வாக்கு ஒன்றே ஒன்று, தம்முடையது. மற்ற ஒவ்வொரு வாக்கையும் பேசித்தான் பெற வேண்டும். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவை இன்று தனி உறுப்பினர் மசோதா என்கிறோம். அது நிறைவேறுவது அன்றும் அரிது, இன்றும் அரிது. அம்மையார் அதைச் சாதித்தார். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த செய்தி.

சட்டசபையில் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் என்பது அரசாங்கத்தைப் பார்த்து ‘இப்படிச் செய்யலாம்’ என்று அவை சொல்லும் பரிந்துரை. அரசாங்கம் அதைக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சட்டம் அப்படியன்று. அது யாவரையும் கட்டுப்படுத்தும். 1927 நவம்பரில் அம்மையார் முதலில் கொண்டுவந்தது தீர்மானம்தான். இளம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை நிறுத்த மாகாண அரசாங்கம் சட்டம் செய்ய வேண்டும். அது இயலாதாயின் இந்திய அரசாங்கத்தைச் செய்யுமாறு கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அவை அதை ஏற்றது. செய்தி பத்திரிகைகளில் வந்தது. பாராட்டுகள் குவிந்தன. சாதாரணமாக இந்த இடத்தில் ஓர் உறுப்பினரின் வேலை முடிந்துவிடும். தீர்மானம் கோப்புக்குள் போய் உறங்கும்.

அம்மையார் உறங்க விடவில்லை. பொட்டுக் கட்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக ஆக்குவது என்றால் பல அனுமதிகள் வேண்டும், பல கதவுகளைத் தட்ட வேண்டும். அதற்குக் காத்திராமல் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். 1926 ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டம் புதிதாக வந்திருந்தது. கோயில் நிர்வாகமும் கோயில் மானியங்களும் அதன் எல்லைக்குள் வருவன. அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் என்ற வடிவில் 1928 இல் தம் மசோதாவைக் கொண்டுவந்தார்.

ஏன் மானியம்? இங்கேதான் அவருடைய கூர்மை தெரிகிறது. அக்காலத்தில் பல கோயில்களில் தேவதாசிக் குடும்பங்களுக்கு நிலம் விடப்பட்டிருந்தது. கோயிலில் ஊழியம் செய்யும்வரை அந்த நிலத்தின் பலன் அவர்களுக்கு. ஊழியம் நின்றால் நிலமும் போய்விடும். தாய்க்கு வயதாகிறது, இனி ஆடவும் பாடவும் முடியாது. நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் என்ன வழி? மகளுக்குப் பொட்டுக் கட்ட வேண்டும். மகளுக்குப் பிறகு பேத்திக்கு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பக்தி என்றார்கள், அல்லது ஒழுக்கக் கேடு என்றார்கள். அம்மையார் அதன் அடியில் இருந்த நிலத்தைப் பார்த்தார். அம்மாவின் சோறு மகளின் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது. நிலத்தையும் ஊழியத்தையும் பிரித்துவிட்டால் போதும். முடிச்சுப் பாதி அவிழ்ந்துவிடும்.

1929 இல் நிறைவேறிய திருத்தம் செய்தது அதைத்தான். மானிய நிலம் அனுபவித்து வந்த பெண்கள் கோயிலுக்கு ஊழியம் செய்ய வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். நிலம் அவர்களிடமே நிற்கும். ஊழியத்துக்கு ஈடாக ஒரு தொகையைக் கோயிலுக்குச் செலுத்தினால் போதும். யாரையும் சிறையில் போடவில்லை. யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. நிலம் போய்விடுமே என்ற அச்சத்தை மட்டும் எடுத்துவிட்டது.

படகுக்காரர் வீட்டுப் பெண்ணாகிய எனக்கு இது எளிதில் விளங்குகிறது. எங்கள் பக்கத்தில் படகில் போகிறவர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது அடையும்வரை வேறு படகுக்கு மாற முடியாது. அப்பன் தீர்க்காத கணக்கு மகன் தலையில் ஏறி, பள்ளிக்கூடம் போக வேண்டிய பையன் படகேறுவதை நான் பார்த்திருக்கிறேன். ‘ஏன்டா படிக்கல?’ என்று அந்தப் பையனுக்கு அறிவுரை சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. கணக்கைத் தீர்க்க ஒருவரும் இல்லை.

எதிர்ப்பு இல்லாமல் இது நிகழவில்லை. அவையில் எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் தீரர் சத்தியமூர்த்தி. அவரும் நம் மண்ணின் மைந்தர்தாம். திருமயத்தில் பிறந்தவர், இதே கல்லூரியில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் அவர் தியாகம் பெரிது. ஆயினும் இந்த விஷயத்தில் பழைய வழக்கத்துக்கும் கோயில் கலைக்கும் ஆதரவான பக்கம் நின்றார். ஒரே கல்லூரியில் படித்த இருவர், சென்னைக் கோட்டையில் ஒரே அவையில் எதிர் எதிராக நின்றதை எண்ணினால் நம் கல்லூரிப் பட்டிமன்றங்கள் நினைவுக்கு வருகின்றன.

ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது அவைக்கு வெளியே எழுந்த எதிர்ப்பு. தேவதாசிகளே சங்கம் கூட்டி எதிர்த்தார்கள். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். எங்களில் எல்லோரையும் ஒழுக்கமற்றவர் என்று ஒரே அடியாகச் சொல்வது அநியாயம். எங்களுக்குச் சொத்துரிமை உண்டு, கலை உண்டு. எங்களைக் கேளாமல் எங்களைப் பற்றிச் சட்டம் செய்யலாமா. சட்டத்துக்குப் பதில் எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுங்கள் என்பது அவர்கள் வாதத்தின் போக்கு. மறுபுறம் அதே குலத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்று முழங்கினார். ஆக ஒரே குலத்துப் பெண்கள் இரு பக்கமும் நின்றார்கள்.

இந்த இடத்தில் முத்துலட்சுமி அம்மையாரின் பக்கம் முழுவதுமாக நிற்க என்னால் இயலவில்லை. பொட்டுக் கட்டுதல் ஒழிய வேண்டியதே. விவரம் அறியாத வயதில் ஒரு பெண்ணின் வாழ்நாளைப் பிறர் முடிவு செய்வதை எந்தக் கலையின் பெயராலும் ஏற்க முடியாது. ஆனால் 1932 இல் நாட்டியத்தைக் குறித்து இ. கிருஷ்ண ஐயரோடு பத்திரிகைகளில் அவர் நடத்திய வாதத்தைப் பற்றிப் படிக்கும்போது, கேட்டின்மேல் இருந்த கோபத்தில் கலையையும் சேர்த்துத் தள்ளிவிட்டார் என்றே தோன்றுகிறது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அந்த ஆட்டம் பரதநாட்டியம் என்னும் பெயரோடு பெரிய வீட்டுப் பெண்களின் அரங்கேற்றமாயிற்று. வழி வழியாக ஆடியவர்களில் பலருக்கு அந்த மேடையில் இடம் கிடைக்கவில்லை. நிலத்தைக் கணக்கிட்ட சட்டம் அவர்கள் காலில் இருந்த வித்தையைக் கணக்கிடவில்லை. நம் பேராசிரியப் பெருமக்கள் இதில் மாறுபடலாம். அவர்கள் எழுதினால் அடுத்த மலரில் படிக்க ஆவலாயிருக்கிறேன்.

அவர் அவையில் எடுத்த மற்ற பணிகள் பல. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைப் பெண்களின் படிப்புக்குச் சலுகை ஆகியவற்றை விடாமல் கேட்டார். பெண்களை விலை பேசும் தொழிலைத் தடுக்க 1930 இல் வந்த சட்டத்துக்கும் துணை நின்றார். அவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். அது என்னைத் தொட்டது.

1928 இல் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று அம்மையார் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண்ணுக்குப் பதினாறு, ஆணுக்கு இருபத்தொன்று என்பது அவர் கேட்ட அளவு. பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் மணமான சிறுமிகள் பேற்றின்போது படும் பாட்டை எழும்பூரில் கண்டவர் அவர். நாடு முழுமைக்கும் உரிய சட்டம் டில்லியில்தான் ஆக வேண்டும். 1929 இல் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்றது. அம்மையார் கேட்டதைவிடக் குறைவு. 1949 இல் பெண்ணின் வயது பதினைந்து ஆயிற்று. 1978 இல்தான் பதினெட்டும் இருபத்தொன்றும் வந்தன. ஆணுக்கு அவர் கேட்ட இருபத்தொன்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு சட்டமாயிற்று. 2006 ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் ஏற்பாடுகளை மேலும் இறுக்கியது.

என் அப்பத்தாவுக்குப் பதின்மூன்று வயதில் கல்யாணம். அப்போதும் சட்டம் இருந்தது, பதினைந்து என்று. அது எங்கள் கரைவரை வந்து சேரவில்லை. சட்டம் ஊர் வந்து சேரப் பஸ்ஸைவிட அதிக நேரம் பிடிக்கிறது. நான் பிளஸ் டூ முடித்த ஆண்டு எனக்கும் கேட்டு வந்தார்கள். வந்தது தூரத்து உறவு. என் அம்மாவுக்கு விருப்பமில்லை. ஆனால் விருப்பமில்லை என்று சொல்லும் உரிமை எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் குறைவு. அம்மா வேறு விதமாகச் சொன்னார்: ‘பிள்ளைக்கு இன்னும் பதினெட்டு முடியலண்ணே. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. எவனாச்சும் பத்துத் தொண்ணூத்தெட்டுக்குப் போன் போட்டுட்டா நீங்களும் நானுந்தான் போயி நிக்கணும்.’ வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, வயது முடியட்டும் என்று சொல்லிப் போனார்கள். வயது முடிவதற்குள் எனக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்பு. சாரதா சட்டத்தையும் அறியார், 1978 ஐயும் அறியார். மனத்தில் இருந்ததைச் சொல்ல முடியாதபோது, சட்டத்தின் வாயால் சொல்லிக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது. போலீஸும் நீதிமன்றமும் வராமலே ஒரு சட்டம் வேலை செய்வது இப்படித்தான் போலும்.

அம்மையார் 1930 ஜனவரியில் அடுத்த அடியை வைத்தார். பொட்டுக் கட்டுவதையே நேரடியாகத் தடை செய்யும் தனி மசோதாவைக் கொண்டுவந்தார். அது பொதுமக்களின் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. அந்நேரத்தில் நாடு உப்புச் சத்தியாக்கிரகத்தில் கொந்தளித்துக் கொண்டிருந்தது. மே மாதம் காந்தியடிகள் கைதானார். அதனைக் கண்டித்து அம்மையார் தம் உறுப்பினர் பதவியையும் துணைத் தலைவர் பதவியையும் துறந்தார். கையில் முடியாத மசோதா இருந்தது. இன்னும் சில மாதம் பொறுத்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். அந்நிய அரசாங்கம் நியமித்த இடத்தில் அந்த வாரமும் அமர்ந்திருப்பது அவருக்கு ஒப்பவில்லை. அவ்வளவில் அவருடைய சட்டசபை வாழ்க்கை முடிந்தது. அதே ஆண்டு, தம் சட்டசபை அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார்.

பின்னாளைய பணிகள் யாவரும் அறிந்தவை. ஆதரவற்ற பெண்களுக்காக அவர் நிறுவிய ஔவை இல்லம், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்திலிருந்து எழுந்து 1954 இல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1956 இல் பத்மபூஷண் விருது. 1968 ஜூலை 22 இல் மறைந்தார். அவர் பிறந்த ஜூலை 30 ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு மருத்துவமனை தினமாக அறிவித்துள்ளது.

அந்த முடியாத மசோதா என்ன ஆயிற்று? கொண்டுவந்தவர் இல்லாத மசோதா அனாதை. 1937 இல் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்த பின் மீண்டும் முயற்சி நடந்தது. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியபோது அதுவும் நின்றது. இதற்கிடையில் பம்பாய் மாகாணம் 1934 இல் தனக்கென ஒரு சட்டம் செய்துகொண்டது. மைசூர் சமஸ்தானமோ 1909 இலேயே தன் கோயில்களில் இந்த ஊழியத்தை நிறுத்தியிருந்தது. வழிகாட்டிய சென்னைதான் பின்தங்கியது. அவையில் இல்லாத அம்மையார் பதினேழு ஆண்டுகள் அமைச்சர்களுக்கு எழுதியும் சங்கங்களில் பேசியும் நினைவூட்டிக்கொண்டே இருந்தார். நாடு விடுதலை பெற்ற 1947 இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது, பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னையில் நிறைவேறியது. பொட்டுக் கட்டுவது சட்ட விரோதம் என்றது; ஏற்கெனவே பொட்டுக் கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்றது. அதை அவையில் கொண்டுவந்தவர் டாக்டர் சுப்பராயன். 1926 இல் அம்மையார் அவைக்குள் நுழைந்தபோது முதல் மந்திரியாயிருந்தவரும் அவரே.

இதில் நம் மாவட்டத்தாருக்கு மட்டும் உரிய ஒரு செய்தி உண்டு. அந்நாளில் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். தொண்டைமான் சீமைக்குத் தனிச் சட்டசபை, தனிச் சட்டங்கள். சென்னைச் சட்டசபையில் ஆகும் சட்டம் சமஸ்தான எல்லையோடு நின்றுவிடும். எங்கள் அறந்தாங்கித் தாலுகாவோ தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. சென்னை மாகாணத்துக்கு உட்பட்டது. இரண்டையும் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் என்று ஆனது 1974 ஜனவரியில்தான். ஆகவே 1929 இல் அம்மையார் நிறைவேற்றிய சட்டம் ஜெகதாப்பட்டினத்தில் செல்லும். அவர் பிறந்து வளர்ந்து, முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய புதுக்கோட்டை நகரில் செல்லாது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. இணைந்த சமஸ்தானங்களுக்குச் சென்னைச் சட்டங்களை நீட்டிக்க 1949 இல் தனியாக ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன் வழியாகவே அவருடைய சட்டம் அவருடைய ஊருக்கு வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று.